உரம் எடுக்கும் கை

பிறந்து ஐந்தாறு வாரமான பிள்ளை. காலையில் நன்றாகப் பால் குடித்தது, பகலில் தூங்கியது, முகம் பார்த்துச் சிரிக்கவும் தொடங்கிவிட்டது. பொழுது சாய்ந்ததும் அழ ஆரம்பிக்கிறது. முகம் சிவக்கிறது, கை முஷ்டியாகிறது, முழங்கால் வயிற்றோடு ஒட்டுகிறது. மார்பில் போட்டால் திமிறுகிறது. தோளில் போட்டுத் தட்டியும் தூளியில் இட்டு ஆட்டியும் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் போகிறது, இரண்டு மணி நேரமும் போகிறது. "கழுத்து நிக்காத புள்ளய யாரோ சரியாத் தூக்கல. உரம் விழுந்திருக்கு" என்கிறார் பாட்டி.

அடுத்து நடப்பது தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்றும் காணக்கூடிய காட்சி. பழைய நூல் புடவை ஒன்றை நீளவாக்கில் மடித்து, இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நடுவில் பிள்ளை. ஒருத்தி கையைத் தாழ்த்த, மற்றவள் உயர்த்த, பிள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல உருள்கிறது. சில வீடுகளில் முறத்தில் துணி விரித்துக் கிடத்தி, புடைப்பதுபோல் இலேசாக அசைப்பார்கள். பிறகு கழுத்திலிருந்து தோள்வரை, முதுகுத்தண்டின் இரு பக்கமும் விளக்கெண்ணெய் தடவி விரலால் நீவி விடுவார்கள். பல நேரங்களில் பிள்ளை அழுகையை நிறுத்தித் தூங்கிவிடும். "பாத்தியா, உரம் எடுத்ததும் அடங்கிடுச்சு."

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி போன்ற ஊரில் இந்தப் பாட்டி தமிழில் பேசலாம், தெலுங்கில் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம். ஓசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் இது. குளிர்ச்சியால் வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று அழைத்த இடம். சுற்றிலும் கேழ்வரகு, முட்டைகோஸ், ரோஜாத் தோட்டங்கள். ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் ஓசூரின் தொழிற்பேட்டைகள். அவற்றையும் தாண்டினால் பெங்களூரு. அந்த நகரத்தில் இதே பிள்ளைக்கு வேறொரு கை கிடைக்கிறது. குளிரூட்டிய அறையில், மெத்தை போட்ட மேசையில், பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளையின் தலையையும் இடுப்பையும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, மிக இலேசாக அழுத்தி, "பிரசவத்தில் உண்டான இறுக்கத்தைத் தளர்த்துகிறேன்" என்பார். அவர் செய்வதற்குக் குழந்தைகளுக்கான ஆஸ்டியோபதி என்று பெயர்.

புடவையில் உருட்டும் பாட்டிக்கும் மேசையருகே நிற்கும் நிபுணருக்கும் படிப்பும் கட்டணமும்தான் வேறு. அடிப்படை நம்பிக்கை ஒன்றே: பிள்ளையின் உடம்பில் ஏதோ இடம் பிசகியிருக்கிறது, கையால் அதைச் சரிசெய்யலாம். இந்த நம்பிக்கையை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

மிசூரியிலிருந்து வந்த யோசனை

ஆஸ்டியோபதியின் தந்தை ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1828இல் பிறந்த அமெரிக்கர், உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். 1864இல் மூளைக்காய்ச்சல் அவர் வீட்டுக் குழந்தைகள் மூவரைக் கொண்டுபோனது. பாதரச மருந்தும் பேதி மருந்தும் சாராயமும் வைத்தியமாக இருந்த காலம் அது. மருந்துகளின்மீது அவருக்கிருந்த நம்பிக்கை அற்றுப்போனதில் வியப்பில்லை. எலும்பும் தசையும் சரியான இடத்தில் இருந்தால் இரத்த ஓட்டம் சீராகும், உடம்பு தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் என்று 1874 முதல் பேசத் தொடங்கினார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் முதல் ஆஸ்டியோபதிப் பள்ளியைத் திறந்தார்.

அந்தப் பள்ளியில் படித்த வில்லியம் கார்னர் சதர்லாண்டு, பிரித்து வைக்கப்பட்டிருந்த மண்டையோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொட்டெலும்பின் சரிந்த விளிம்பு மீனின் செவுளை நினைவூட்டியதாகச் சொன்னார். செவுள் அசைவதற்காக உள்ளது. ஆகவே மண்டையெலும்புகளும் மூச்சு விடுவதுபோல் அசைகின்றன, அந்த அசைவைத் தேர்ந்த விரல்கள் உணர முடியும் என்று முடிவுகட்டினார். 1939இல் இதை நூலாகவும் வெளியிட்டார். குழந்தைகளுக்கு இன்று செய்யப்படும் இலேசான ஆஸ்டியோபதியில் பெரும்பகுதி இந்த யோசனையின் வாரிசு.

ஸ்டிலின் வழிவந்தவர்கள் இன்று நாட்டுக்கு நாடு வேறு நிலையில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆஸ்டியோபதிக் கல்லூரியில் படித்தவர் முழு மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொண்ட தனித் தொழிலினர். பிரான்ஸ் 2007இல் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது: ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் மண்டை, முகம், முதுகெலும்பு ஆகியவற்றில் கைவைக்க வேண்டுமானால், அதனால் கெடுதல் இல்லை என்று மருத்துவர் முதலில் சான்று தரவேண்டும். இந்தியாவில் ஒடிசாவின் ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகம் ஆஸ்டியோபதிப் படிப்பு நடத்துகிறது.

அழுகையின் கணக்கு

உரம் எடுத்ததும் அழுகை நின்றது என்றால், உரம் எடுத்ததால்தான் நின்றதா? இதற்கு விடை காண, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962இல் அதைத்தான் கணக்கெடுத்தார். நலமாக இருந்த 80 குழந்தைகளின் தாய்மார்களிடம் தினமும் அழுகை நேரத்தைக் குறித்துவைக்கச் சொன்னார். இரண்டாவது வாரத்தில் நாளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். ஆறாவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம். அங்கே உச்சம். பிறகு இறங்கி, பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கீழே வந்துவிட்டது. அழுகை பெரும்பாலும் மாலையில்தான் கூடியது. நோயில்லாத குழந்தைகளின் இயல்பான கணக்கு இது. இந்த மேடு சில குழந்தைகளிடம் இன்னும் உயரமாக இருக்கும். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதைக் கோலிக் எனலாம் என்று 1954இல் வெசல் என்ற மருத்துவர் வரையறுத்தார். கோலிக்கும் மூன்று, நான்கு மாதத்தில் தானாகவே ஓய்ந்துவிடும்.

ஆப்பிரிக்காவின் கலகாரி பாலைநிலத்தில் வாழும் குங் சான் மக்கள் குழந்தையை நாள் முழுக்க உடம்போடு சுமப்பவர்கள். மணிக்குப் பலமுறை பாலூட்டுபவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் முதல் மூன்று மாதத்தில்தான் அதிகமாக அழுகின்றன. அழத் தொடங்கும் தடவைகள் குறையவில்லை. ஒவ்வொரு முறையும் அழுகை நீடிக்கும் நேரம்தான் குறைவு. ஆக, இந்த அழுகை எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொது. அதைச் சுருக்குவதற்குத் தூக்கி வைத்துக்கொள்வது உதவும்.

இப்போது வைத்தியத்துக்கு வருவோம். எந்தத் தாயும் அழுகையின் முதல் நாளிலேயே வைத்தியரைத் தேடுவதில்லை. பொறுத்துப் பார்த்து, தூக்கம் கெட்டு, இனி முடியாது என்ற நிலையில்தான் போகிறாள். அதாவது அழுகை உச்சத்தில் இருக்கும்போது. அந்த இடத்திலிருந்து கணக்கு இறங்கத்தான் செய்யும். அன்று யார் கைவைத்தாலும் அவருக்குப் பெயர் கிடைக்கும். பாட்டி பொய் சொல்லவில்லை, நிபுணரும் ஏமாற்றவில்லை. தம் கையில் பிள்ளை அடங்கியதை இருவரும் கண்ணால் கண்டவர்கள். கண்டது உண்மை, காரணம்தான் வேறாக இருக்கலாம்.

எனவே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சிகிச்சை தந்து, மறுபாதிக்குத் தராமல் கவனிக்க வேண்டும். கோலிக்குக்கான கைமுறைச் சிகிச்சைகளைப் பற்றிய இத்தகைய ஆறு ஆய்வுகளை, மொத்தம் 325 குழந்தைகள், 2012இல் காக்ரேன் அமைப்பு சேர்த்து அலசியது. சிகிச்சை பெற்ற குழந்தைகள் குறைவாக அழுததாகப் பெற்றோர்கள் எழுதியிருந்தார்கள். ஆனால் தம் பிள்ளைக்குச் சிகிச்சை கிடைத்ததா இல்லையா என்று பெற்றோருக்கே தெரியாமல் நடந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு எஞ்சவில்லை. அதற்குப் பிறகு பிரிட்டனில் 66 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஒரு குழுவுக்கு ஆஸ்டியோபதித் தொடுகை, இன்னொரு குழுவுக்குச் சிகிச்சை நோக்கமில்லாத வெறும் தொடுகை. இரு குழுவுக்கும் அழுகை நேரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

மறுபக்கச் சான்றையும் சொல்லவேண்டும். இத்தாலியில் குறைமாதத்தில் பிறந்த 695 குழந்தைகளை வைத்து நடந்து 2015இல் வெளியான ஆய்வு, ஆஸ்டியோபதி பெற்ற குழந்தைகள் சராசரியாக நான்கு நாள் முன்னதாக வீடு திரும்பின என்றது. ஆனால் குறைமாதக் குழந்தையை இதமாகத் தொட்டு நீவுவதே பயன் தருவது என்று அமெரிக்காவின் டிஃபனி ஃபீல்டு 1986லேயே காட்டியிருந்தார். அவருடைய ஆய்வில் நீவப்பட்ட குழந்தைகளின் எடை 47 விழுக்காடு கூடுதலாக ஏறியது. அப்படியானால் பயன் எலும்பின் இறுக்கத்தைத் தளர்த்தியதாலா, தொட்டதாலா? வெறும் தொடுகையோடு ஒப்பிட்டால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

மண்டை மூச்சு விடுமா?

பிறந்த குழந்தையின் மண்டையெலும்புகள் ஒட்டாமல் இருப்பது உண்மை. உச்சிக்குழியைத் தொட்டால் உள்ளே நாடி துடிப்பது தெரியும். பிரசவப் பாதையில் வருகையில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலை நீண்டுபோகும். சில நாளில் தானே பழைய வடிவத்துக்கு வரும். பின் உச்சிக்குழி இரண்டு மூன்று மாதத்திலும், முன் உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள்ளும் மூடும். சதர்லாண்டு சொன்ன அசைவு இதிலிருந்து வேறு. இதயத் துடிப்போடும் மூச்சோடும் சேராத, தனித் தாளம் என்பது அவர் வாதம். அப்படி ஒன்று இருந்தால், ஒரே ஆளை ஒரே நேரத்தில் தொடும் இரண்டு நிபுணர்கள் ஒரே எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். ஒருவர் தலையிலும் இன்னொருவர் பாதத்திலும் கைவைத்து எண்ணிய சோதனையில் எண்ணிக்கைகள் ஒத்துப்போகவில்லை. இருவர் விரலுக்கும் பொதுவாகப் படாத ஒன்றை வைத்தியத்துக்கு அடிப்படையாகக் கொள்ள முடியாது.

நம் வீடுகளில் தலையை உருண்டையாக்கத் தினமும் அழுத்தி விடுவதும், மூக்கைப் பிடித்து நீட்டி விடுவதும் இதன் உறவு. ஒரே பக்கம் படுத்துத் தலை தட்டையானால் அதற்கு அழுத்தம் தேவையில்லை. அந்தப் பக்கம் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். விழித்திருக்கும்போது ஆள் பார்வையில் குப்புறப் போடுவது, தூங்கும்போது மல்லாந்து படுக்கவைத்துத் தலையை மாற்றி மாற்றித் திருப்புவது, இவ்வளவுதான். வளரும் மூளை உள்ளிருந்து மண்டையை உருட்டிவிடும். தலைக்கவசம் போட்டால் வேகமாகச் சரியாகுமா என்று நெதர்லாந்தில் 84 குழந்தைகளிடம் பார்த்தார்கள். கவசம் போட்டவர்களில் முழுதும் சரியானவர்கள் 26 விழுக்காடு, போடாதவர்களில் 23. கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் எலும்புகளுக்கிடையிலுள்ள இணைப்பு காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டு தலை கோணலாக வளர்ந்தால் அது வேறு சங்கதி. அதற்கு எந்தக் கையும் உதவாது. நரம்பியல் அறுவை மருத்துவர்தான் வேண்டும்.

கை வெல்லும் இடங்கள்

இதுவரை படித்ததை வைத்து, குழந்தையின் எலும்பிலும் தசையிலும் கைக்கு வேலையே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கையைத் தவிர வேறெதுவும் தேவைப்படாத நிலைகளும் உண்டு.

இரண்டு வயதுக் குழந்தை தெருவில் தடுமாறுகிறது, தாய் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று தூக்குகிறார். குழந்தை வீறிட்டு அழுகிறது. பிறகு அந்தக் கையை அசைக்காமல் தொங்கவிட்டபடியே இருக்கிறது. முழங்கையில் ஆரை எலும்பின் தலையைச் சுற்றி வளையம்போல் ஒரு தசைநார் இருக்கிறது. சின்ன வயதில் அந்த வளையம் தளர்வானது; இழுத்த இழுப்பில் நழுவி மூட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. மருத்துவர் முழங்கையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, உள்ளங்கை தரையைப் பார்க்கும் திசையில் முன்கையைத் திருப்புவார். விரலடியில் 'டக்' என்று ஒரு சின்ன அதிர்வு. சில நிமிடத்தில் குழந்தை அதே கையால் பொம்மையை எடுக்கும். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் பழைய முறை முதல் முயற்சியில் சுமார் 26 விழுக்காடு தோற்கிறது, கீழ்நோக்கித் திருப்பினால் 9 விழுக்காடுதான் என்று காக்ரேன் அலசல் காட்டுகிறது. எது நழுவியது, எங்கே சிக்கியது, எப்படித் திருப்பினால் விடுபடும் என்பது தெரிந்த வைத்தியம் இது.

இரண்டாவது, கழுத்துச் சாய்வு. சில குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புவரை ஓடும் தசை ஒரு பக்கம் குறுகியிருக்கும். தலை ஒரு பக்கம் சாய்ந்து, முகம் எதிர்ப்பக்கம் திரும்பியே இருக்கும். உரம் என்று சொல்லப்படுவனவற்றில் உண்மையிலேயே கழுத்துக் கோளாறு ஒன்று இருக்கிறதென்றால் இதுதான். பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் முறையில் தசையை மெதுவாக நீட்டி, குறிப்பிட்ட நேரம் பிடித்துவைத்து, நாளுக்குப் பலமுறை தாயே செய்துவர வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் அறுவை இல்லாமலே சரியாகிவிடுகிறார்கள். புடவையில் ஒருமுறை உருட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

மூன்றாவதாகச் சொல்லப்போவது, கைவைத்தியம் எட்டிய உச்சம் எனலாம். ஏறக்குறைய ஆயிரம் பிரசவங்களில் ஒன்றில் குழந்தை வளைபாதத்தோடு பிறக்கிறது. பாதம் உள்பக்கம் மடங்கி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி, குதிகால் மேலே தூக்கியபடி இருக்கும். அப்படியே விட்டால் பாதத்தின் மேற்புறத்தை ஊன்றித்தான் நடக்க வேண்டிவரும். இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் இதற்குப் பெரிய அறுவை செய்தார்கள். வெட்டித் தைத்த பாதம் வளர்ந்தபின் விறைத்து வலித்தது.

ஸ்பெயின் நாட்டின் மெனோர்கா தீவில் 1914இல் பிறந்து, உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, பின்னர் அமெரிக்காவின் அயோவாவுக்கு வந்தவர் இக்னாசியோ பொன்செட்டி. பிறந்த குழந்தையின் பாதத்தில் பல எலும்புகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன என்பதும், அவற்றைப் பிணைக்கும் தசைநார்களின் இழைகள் புடவைக் கொசுவம்போல் மடிப்பு மடிப்பாக இருக்கின்றன என்பதும் அவர் கவனத்தில் பட்டன. மெதுவாக இழுத்தால் மடிப்பு விரியும். விரிந்த நிலையில் சில நாள் பிடித்துவைத்தால் அப்படியே நிலைக்கும். பிறகு இன்னும் கொஞ்சம் விரிக்கலாம்.

அவர் வகுத்த முறையில் கட்டைவிரல் வைக்கும் இடம்தான் உயிர்நாடி. கணுக்காலின் வெளிப்பக்கத்தில் துருத்தித் தெரியும் டேலஸ் எலும்பின் தலையில் கட்டைவிரலை அசையாமல் ஊன்றி, அதைச் சுழலச்சாகக் கொண்டு மிச்சப் பாதம் முழுவதையும் வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். முன்னோர் பலர் பாதத்தின் நடுவில் விரலை ஊன்றியதால் குதிகால் திரும்ப வழியில்லாமல் போனது. விரல் சற்றுத் தள்ளிப்போனால் வைத்தியமே தோற்றுவிடுகிறது. ஓரிரு நிமிடம் நீவித் திருப்பியபின், கால்விரலிலிருந்து தொடைவரை முழங்காலை மடக்கிய நிலையில் மாவுக்கட்டு. வாரம் ஒருமுறை கட்டைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு. பொதுவாக ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசியில் குதிகால் தசைநாணில், மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சிறு வெட்டு. மூன்று வாரக் கட்டுக்குள் அந்தத் தசைநாண் நீளமாகக் கூடி வளர்ந்துவிடும்.

அதோடு முடிவதில்லை. இரண்டு காலணிகளை ஒரு கம்பியில் இணைத்த பட்டையை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கு வயதுவரை தூங்கும்போதும் போட வேண்டும். "கால்தான் நேராயிடுச்சே" என்று பட்டையைக் கழற்றி வைத்த வீடுகளில் பாதம் மறுபடி மடங்குவது சாதாரணம். பொன்செட்டியிடம் சிகிச்சை பெற்றவர்களின் 71 பாதங்களைச் சுமார் முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, 78 விழுக்காட்டினரின் நிலை நன்று அல்லது மிக நன்று. இயல்பான பாதம் உள்ளவர்களிடம் அதே அளவுகோலில் 85 விழுக்காடு. இன்று உலகெங்கும் வளைபாதத்துக்கு இதுதான் முதல் சிகிச்சை. இந்தியாவில் அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது.

தானே நேராகும் எலும்பு

குழந்தை எலும்பின் இன்னொரு குணம் எல்லா வைத்தியரையும் நல்லவராக்கிவிடும்: அது தானே சரியாகும். நடக்கத் தொடங்கும் குழந்தையின் கால் வில்போல் வெளியே வளைந்திருக்கும். இரண்டு வயதை ஒட்டி நேராகும். மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும். ஏழு வயதுக்குள் பெரும்பாலும் இயல்புக்கு வந்துவிடும். ஒன்றரை வயதில் எண்ணெய் நீவத் தொடங்கிய பாட்டி இரண்டரை வயதில் வெற்றி காண்பார். நீவாத வீட்டிலும் அதே வெற்றிதான். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் மட்டும் ஒரு எச்சரிக்கை சேர்க்கவேண்டும். இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகள் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. வயது ஏற ஏற வளைவு கூடினாலோ, ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, காரணம் ஃபுளோரைடாகவோ வைட்டமின் டி குறைவாகவோ இருக்கலாம். அதற்கு நீவுதல் மருந்தல்ல.

எலும்பு முறிவும் அப்படியே. புத்தூர் கட்டு என்ற பலகை தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஊருக்கு ஊர் தொங்குகிறது. குழந்தையின் எலும்பு பெரியவர்களுக்குக் கூடுவதைவிட வேகமாகக் கூடும். சிறிய கோணலை வளரும்போது தானே நிமிர்த்தியும்கொள்ளும். ஆகவே பல கட்டுகள் பலிக்கின்றன. ஆனால் முழங்கைக்கு மேலே உடைந்த குழந்தையின் கையில் மூங்கில் பத்தையை வைத்து இறுக்கினால், இரத்த ஓட்டம் நின்று, தசை செத்து, கை கொக்கியாக மடங்கிப்போகும் அபாயம் உண்டு. ஜெர்மனியின் ஃபோல்க்மான் 1881லேயே விவரித்த ஊனம் இது. கட்டு எது போட்டாலும் விரல்கள் நீலம் பாரித்தாலோ, வீங்கினாலோ, விரலை நீட்டும்போது குழந்தை வீறிட்டாலோ மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

எண்ணெய்க் கை

பாட்டியின் கைக்கு இவ்வளவு கேள்வி கேட்டபின், அதன் பெருமையையும் சொல்லியாக வேண்டும். மேற்கு நாடுகள் குழந்தையை நீவிக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டது பெருமளவு நம்மிடமிருந்துதான். பிரெஞ்சு மருத்துவர் ஃபிரெடரிக் லெபோயே கொல்கத்தாவில் சாந்தலா என்ற தாய் தெருவோரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து தன் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதைக் கண்டு வியந்து, அவர் பெயரிலேயே 1976இல் நூல் எழுதினார். 1970களில் இந்திய அனாதை இல்லத்தில் பணியாற்றிய அமெரிக்கர் விமலா மெக்ளூர் இந்தக் கலையை அங்கே கொண்டுபோய் இயக்கமாக்கினார். டெல்லியில் 125 குழந்தைகளிடம் நடந்து 2000இல் வெளியான ஆய்வு, நான்கு வாரம் எண்ணெய் தேய்த்ததில் வளர்ச்சியும் தூக்கமும் மேம்பட்டதாகவும், சோதித்தவற்றில் நல்லெண்ணெய் முந்தியதாகவும் சொன்னது. இந்தக் கை எதையும் நகர்த்தவில்லை, எதையும் நிமிர்த்தவில்லை. தோலைத் தொடுகிறது, அமைதிப்படுத்துகிறது. அதுவே அதன் பயன்.

அதே குளியலில் விட்டுவிட வேண்டியவையும் உண்டு. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் நன்கு அறிந்த நோய் அது. புடவையில் மெல்ல உருட்டுவதும் வேகமாகக் குலுக்குவதும் ஒன்றல்ல. குழந்தைக்குத் தலை பாரம், கழுத்து பலவீனம். குலுக்கினால் மூளையைச் சுற்றியுள்ள சிறு இரத்தக் குழாய்கள் அறுந்துபோகலாம். காலை நேராக நீட்டி இறுக்கித் துணி சுற்றுவதும் இடுப்பு மூட்டுக்கு ஆகாது. ஜப்பானில் அந்தப் பழக்கத்தை விடச் சொல்லி 1975ஐ ஒட்டி இயக்கம் நடத்தியபின், நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று குழந்தைகள்வரை இருந்த இடுப்பு மூட்டு விலகல், ஆயிரத்துக்கு ஒன்றிரண்டாக இறங்கியது. கால்களை அகட்டி இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும் நம் பழக்கம் அந்த மூட்டுக்கு ஏற்றது.

இரண்டு கேள்வி

பாட்டியாகட்டும், புத்தூர் கட்டுக்காரராகட்டும், பெங்களூரு நிபுணராகட்டும், எலும்பு மருத்துவராகவே இருக்கட்டும்; பிள்ளைமேல் கைவைக்கும் எவரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் கை எதை, எங்கிருந்து எங்கே நகர்த்துகிறது? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? நழுவிய முழங்கை வளையத்துக்கும் வளைபாதத்துக்கும் இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் உண்டு. மாலை அழுகைக்கு முதல் கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்வார்கள். இரண்டாவதற்கு ஒரே பதில்: மூன்று நான்கு மாதத்தில் தானே நிற்கும்.

அதற்காக எல்லா அழுகையையும் பொறுத்திருக்கக் கூடாது. நான்கு முதல் பத்து மாதக் குழந்தை விட்டு விட்டு வீறிட்டு, காலை மடக்கி, இடையிடையே துவண்டு, சிவப்பு ஜெல்லி போல மலம் கழித்தால் குடல் குடலுக்குள் நுழைந்திருக்கலாம். அதைக் குடல் ஏற்றம் என்று சொல்லி வயிற்றை உருவிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, உச்சிக்குழி புடைப்பு, பால் குடிக்க மறுப்பு, ஒரு கையை அல்லது காலை அசைக்காமை, இவற்றில் ஏதாவது இருந்தால் 108ஐ அழையுங்கள்.

குழந்தைக்குப் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்க்க 2013 முதல் ஆர்பிஎஸ்கே என்ற தேசியத் திட்டம் இருக்கிறது. வளைபாதமும் இடுப்பு மூட்டுக் குறையும் அதன் பட்டியலில் உள்ளவை. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் 2022இல் திறக்கப்பட்டுவிட்டது. தளியிலிருந்து அதுவரை போகுமுன், ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டினால் வழி சொல்வார்கள். முதல் மாதத்தில் காட்டிய வளைபாதத்துக்கு மாவுக்கட்டு போதும். வருடங்கள் கழித்துக் காட்டினால் சிகிச்சை நீளும், அறுவையும் தேவைப்படலாம். ஆகவே மாலையில் அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், எண்ணெய் தேய்த்து நீவிவிடுங்கள். பாதமோ கழுத்தோ கோணலாக இருந்தால் மட்டும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.